‘அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ எங்கே போனார்கள்?

சென்ற ஆடி மாதம் மந்தைவெளியில் நண்பன் ஒருவன் வீட்டுக்குப் போயிருந்தேன். வெள்ளையடிப்பதற்காகச் சாமான்களை ஒழித்துக்கொண்டிருந்தார்கள். பீரோவுக்கு மேலிருந்து நீளமான கறுப்பு உறை ஒன்றை இறக்கினான். தூசி தட்டித் திறந்தால் பேஸ் கிடார். நான்கு தந்திகளில் ஒன்று இல்லை, மற்ற மூன்றும் துருப்பிடித்திருந்தன.

“இத வித்துடலாம்னு இருக்கேன்டா. கோடம்பாக்கம் பக்கம் பழைய வாத்தியம் எடுக்கற கடை ஒண்ணு இருக்காம்.”

உள்ளேயிருந்து அவன் மனைவி, “பத்து வருஷமா இதையேதான் சொல்லிண்டிருக்கார்ண்ணா” என்றார்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்திலிருந்து ஏழு வருஷம் அவன் ஒரு ராக் குழுவில் பேஸ் வாசித்தவன். இன்று பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் வேலை. குழுவின் பெயரை எழுதட்டுமா என்று கேட்டேன். “வேணாம். அஞ்சு பேர் இருந்தோம். என்கிட்ட மட்டும் கேட்டு எழுதினா மத்தவனுங்களுக்கு நல்லா இருக்காது” என்றான். இந்தக் கட்டுரையை அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் தொடங்க முடியும் என்று தோன்றுகிறது. ஐந்து பேர் சேர்ந்து செய்த ஒன்றை ஒருவன் தன் பெயரில் சொல்லக் கூசுகிறான். நம் ஊரில் பாட்டைப் பற்றிப் பேசும், எழுதும் முறை முழுக்க இந்தக் கூச்சத்துக்கு நேர் எதிராக அமைந்திருக்கிறது.

சென்னையின் சுயாதீன இசைக்குழுக்களைப் பற்றி ஒரு வழக்கமான புலம்பல் உண்டு. சினிமா எல்லாரையும் விழுங்கிவிட்டது என்பது அது. நானும் சில வருஷங்கள் அதைச் சொல்லித் திரிந்தவன்தான். இப்போது அது பாதிதான் சரி என்று நினைக்கிறேன். சினிமா ஆளை விழுங்கவில்லை, சோறு போட்டது. குழுவைத்தான் அதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. டைட்டில் கார்டில் ‘இசை’ என்ற சொல்லுக்குக் கீழே ஒரு பெயருக்கு இடமுண்டு, மிஞ்சிப்போனால் இரண்டு. விஸ்வநாதன்–ராமமூர்த்தி, சங்கர்–கணேஷ் என்று இரட்டையர் வரை தாங்கும். ஐந்து பேரைத் தாங்காது.

*

ஊர் ஊராகப் போய் வாசிக்கும் குழு என்பது தமிழனுக்குப் புதிதல்ல. நாடகக் கம்பெனிகளை விட்டுவிடலாம். பாவலர் வரதராஜனும் தம்பிகளும் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளுக்காக ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு எத்தனை ஊர் போயிருப்பார்கள்! இளையராஜா பதின்ம வயதில் அந்தக் குழுவில் சேர்ந்து பத்து வருஷத்துக்குக் கிட்டத்தட்ட அப்படிப் பயணம் செய்தவர். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது அவருக்குப் பின்னால் இருந்தது இசைப்பள்ளி மட்டுமல்ல, அந்தச் சாலைகளும்தான். எந்த ஊர்க் கூட்டம் எந்த இடத்தில் நிமிர்ந்து உட்காரும் என்பதை மயிலாப்பூர் லாட்ஜ் அறையில் தன்ராஜ் மாஸ்டர் சொல்லித் தந்திருக்க முடியாது.

பிறகு மெல்லிசைக் குழுக்கள். ஏ.வி. ரமணனின் மியூசியானோ, காமேஷ்–ராஜாமணி, லஷ்மண் ஸ்ருதி என்று பெயர் சொன்னாலே ஒரு தலைமுறைக்குக் கோயில் திருவிழா பந்தலும் டியூப்லைட்டும் ஞாபகம் வரும். பங்குனி, சித்திரை, ஆடி என்று மாதக் கணக்கு வைத்து, வேனில் டிரம்ஸ் ஏற்றி, விடிய விடிய வாசித்து, மறுநாள் அடுத்த ஊர். உலகத்தில் எங்கும் ராக் குழுக்கள் செய்வது இதையேதான். வித்தியாசம் ஒன்றுதான்: மெல்லிசைக் குழு அடுத்தவர் பாட்டை வாசித்தது. அதற்குத்தான் சம்பளம். சொந்தப் பாட்டு வாசிக்கிறேன் என்று சொன்னால் விழாக் கமிட்டித் தலைவர், “அது எந்தப் படம் தம்பி?” என்று கேட்பார். அவர்மேல் தப்பில்லை. பாட்டு என்றால் படத்திலிருந்து வருவது என்பதுதான் அவர் அறிந்த உலகம்.

என் நண்பன் குழு திருவிழாவுக்கெல்லாம் போனதில்லை. அவர்கள் பாடியது இங்கிலீஷில். 2010க்கு முந்தைய சென்னை ராக் பெரும்பாலும் அப்படித்தான். ஜங்க்யார்ட் க்ரூவ், ஸ்க்ராட் போன்ற குழுக்கள் நாட்டின் மற்ற நகரங்களிலும் பெயர் வாங்கியது ஆங்கிலப் பாட்டில்தான். தமிழ் இலக்கிய வாசகன் அவர்களைத் திரும்பிப் பார்க்காததற்கு இது ஒரு காரணம். அடையாறு, பெசன்ட் நகர் பையன்களின் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கிவிட்டோம். கான்வென்ட் இங்கிலீஷில் பாடியவர்களில் பலர் மந்தைவெளி, சைதாப்பேட்டை ஒண்டுக்குடித்தன வீடுகளிலிருந்து வந்தவர்கள் என்பதை நாம் விசாரிக்கவே இல்லை. நண்பனின் அப்பா மின்வாரியத்தில் கிளார்க். பேஸ் வாங்கியது அவருடைய பி.எஃப். கடனில்.

*

எங்கே வாசித்தார்கள்? இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஒரு கலை எங்கே நிற்கிறது என்பதை அது நிற்கும் தரை தீர்மானிக்கிறது.

அடையாறில் அன்வைண்ட் சென்டர் என்று ஓர் இடம் இருந்தது. வருஷா வருஷம் ‘ஜூன் ராக் அவுட்’ நடக்கும். நகரத்தில் கிடார் பிடித்த பையன் எவனும் ஒரு முறையாவது அங்கே நின்றிருப்பான், மேடையில் அல்லது கீழே. ஐ.ஐ.டி.யின் சாரங் விழா இருந்தது. திறந்தவெளி அரங்கில் ராக் இரவு. 2009இல் ஸ்வீடனிலிருந்து ஓப்பெத் வந்து அங்கே வாசித்தார்கள். பிறகு மற்ற கல்லூரிகளின் விழாக்கள், போட்டிகள். அவ்வளவுதான் தரை.

பெங்களூரில் நடுத்தர அளவு பப்கள் உண்டு. நூறு பேர் நிற்கலாம், ஒரு மூலையில் மேடை, வெள்ளிக்கிழமை ஒரு குழு. தமிழ்நாட்டில் டாஸ்மாக்கும் அதை ஒட்டிய பார்களும் போக, குடித்துக்கொண்டு பாட்டுக் கேட்கும் இடத்துக்கான உரிமம் நட்சத்திர ஓட்டல்களுக்கும் கிளப்புகளுக்கும்தான். டாஸ்மாக் பாரில் யாரும் கிடார் வாசிக்கப் போவதில்லை. நட்சத்திர ஓட்டல் பாரில் வாசிக்கலாம், ஆனால் அங்கே வருகிறவர் கேட்பது ஈகிள்ஸ் பாட்டு. திறந்தவெளியில் வைத்தால் இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கி நிற்க வேண்டும். சட்டம் சரிதான், பக்கத்து வீட்டுத் தாத்தாவும் தூங்க வேண்டும். ஆனால் கலால் விதியும் பத்து மணி விதியும் சேர்ந்து, நூறு பேர் நின்று கேட்கும் சிறிய இடம் என்ற ஒன்றை இந்த நகரத்தில் உருவாக விடவில்லை. ராக் குழு வளர்வது அந்த அளவு இடத்தில்தான்.

இதையே எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கலாம். மயிலாப்பூரிலும் தி. நகரிலும் கர்நாடக இசைக்கு என்ன இருக்கிறது? மியூசிக் அகாடமி, நாரத கான சபா, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ், கிருஷ்ண கான சபா, வாணி மகால். மார்கழியில் இவை எல்லாவற்றிலும் மத்தியானக் கச்சேரி உண்டு. டிக்கெட் கிடையாது. இருபது வயதுப் பெண் ஒன்றரை மணி நேரம் பாடுவாள். கேட்க இருபது பேர், அதில் எட்டுப் பேர் சொந்தக்காரர்கள், இரண்டு பேர் கேன்டீன் போண்டாவுக்காக வந்தவர்கள். ஆனாலும் அது மேடை. அங்கே சறுக்கலாம். அடுத்த வருஷம் சறுக்காமல் பாடலாம். சபா முறையைப் பற்றி எனக்கு நிறைய விமர்சனம் உண்டு. யாருக்கு அந்த மத்தியானம் கிடைக்கிறது என்ற கேள்வி அதில் முதலாவது. ஆனால் ஒரு கலைக்கு மத்தியானக் கச்சேரி என்று ஒன்று வேண்டும் என்பதை அது புரிந்துவைத்திருக்கிறது. நம் ராக் குழுக்களுக்கு மத்தியானமே கிடைக்கவில்லை. கல்லூரி விழாவிலிருந்து நேராகச் சாயங்கால மெயின் கச்சேரிக்குப் போ என்றால் எப்படிப் போவார்கள்?

ஆகவே ரயில். சென்ட்ரலில் ராத்திரி பெங்களூர் மெயில். கிடார் மடியில், பெடல்கள் பையில், டிரம்மர் தன் சிம்பல்களை மட்டும் துணியில் சுற்றிப் பெர்த்துக்கு அடியில் வைப்பான். காலையில் இறங்கி, யாரோ தெரிந்தவர் வீட்டில் குளித்து, சாயங்காலம் சவுண்ட் செக், ராத்திரி நாற்பது நிமிஷம் வாசிப்பு, மறுபடி ரயில். திங்கட்கிழமை வேலை. கேட்பவர்களும் அப்படித்தான் போனார்கள். 2007 மார்ச் 17 அன்று அயர்ன் மெய்டன் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வாசித்தபோது சென்னையிலிருந்து ரயிலிலும் பஸ்ஸிலும் போனவர்களில் நானும் ஒருவன். என் கம்பார்ட்மென்டில் கறுப்புச் சட்டை போடாத ஒரே ஆள் டி.டி.ஆர்.தான்.

“பணம் வந்ததா?” என்று நண்பனிடம் கேட்டேன்.

“ரயில் சார்ஜ் வந்துது. சில சமயம் சாப்பாடு.”

“அப்புறம் எதுக்குப் போனீங்க?”

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான். அவர்களுடைய பாட்டு ஒன்று, பதிவு செய்தபோது ஐந்து நிமிஷம். வேலூரில் ஒரு கல்லூரியில் வாசித்தபோது மின்சாரம் போய் வந்தது. டிரம்ஸ் மட்டும் நிற்காமல் ஓடியது. மின்சாரம் வந்ததும் இவன் பழைய இடத்தில் சேராமல் பாதி வேகத்தில் உள்ளே நுழைந்தான். மற்றவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டுப் பின்னால் வந்தார்கள். அன்றிலிருந்து பாட்டின் நடுவில் அந்த மெதுவான பகுதி நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. பெங்களூரில் அது நீண்டது, புனேயில் குறைந்தது. கடைசியில் அந்தப் பாட்டுக்கு உயிரே அந்த இடம்தான். பதிவில் அது கிடையாது.

“அத யாரு போட்டது?” என்றேன்.

“யாரும் போடலடா. வந்துது.”

சுற்றிவரும் குழுவின் படைப்பு இப்படித்தான் உண்டாகிறது. ஒரே பாட்டை ஐம்பது ஊரில் வாசிக்கும்போது, ஒருவன் தப்பு செய்கிறான், மற்றவன் அதைக் காப்பாற்றுகிறான், காப்பாற்றியது அடுத்த நாள் பாட்டாகிறது. அதற்கு ஆசிரியன் என்று ஒருவனைச் சுட்ட முடியாது. கர்நாடகக் கச்சேரியிலும் தனி ஆவர்த்தனத்தில் இதன் நிழல் உண்டு. ஆனால் நம் திரையிசை விமர்சனத்துக்கு இதைப் பேச வார்த்தை இல்லை. நாம் வரியைப் பேசுவோம், ராகத்தைப் பேசுவோம், இசையமைப்பாளரின் மேதைமையைப் பேசுவோம். நாலு பேருக்கு நடுவில் நடந்ததைப் பேச மாட்டோம்.

*

80களின் சென்னையில் நெமிசிஸ் அவென்யூ என்று ஒரு ராக் குழு இருந்தது. அதை ஆரம்பித்த இளைஞர் ஏ.ஆர். ரஹ்மான். சிவமணி, ஜான் ஆண்டனி, சுரேஷ் பீட்டர்ஸ் முதலியோருடன் ‘ரூட்ஸ்’ என்ற குழுவிலும் வாசித்தவர். 1992இல் ‘ரோஜா’. அந்தக் குழுக்கள் இன்று ரஹ்மானின் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரி. அவற்றில் வாசித்த மற்றவர்களுக்கு அவை எத்தனை வரி என்று யாரும் கேட்டதில்லை. ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். கேஸட், சிடி உறைகளில் வாத்தியக் கலைஞர்களின் பெயர்களை அச்சிடும் பழக்கத்தைத் தமிழில் பரவலாக்கியவர் ரஹ்மான். பேஸ் கீத் பீட்டர்ஸ் என்று நாங்கள் பள்ளி நாட்களில் தெரிந்துகொண்டது அந்தச் சின்ன எழுத்தில்தான். குழுவிலிருந்து வந்தவருக்குக் குழுவின் கடன் ஞாபகமிருந்தது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். இளையராஜாவின் பாட்டுகளில் விஜி மேனுவலின் கீபோர்டையும் புருஷோத்தமனின் டிரம்ஸையும் சசிதரனின் பேஸையும் கேட்டு வளர்ந்த நமக்கு அவர்கள் பெயர் தெரிய முப்பது வருஷம் ஆயிற்று.

2010ஐ ஒட்டி ஒரு மாற்றம் வந்தது. குழுக்கள் தமிழில் பாடத் தொடங்கின. தர்புகா சிவாவும் பிரதீப் குமாரும் இருந்த லா பொங்கல். கபேர் வாசுகியும் டென்மாவும் சேர்ந்த குரங்கன். ‘கடல் புறா’ எழுதிய சாண்டில்யனின் பேரன் ராகவேந்திரா, ஷான் ரோல்டன் என்று பெயர் வைத்துக்கொண்டு ஆரம்பித்த ‘ஷான் ரோல்டன் அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’. நான் முதன்முறை அந்தக் குழுவைக் கேட்டது 2014க்கு முன், ஒரு சின்ன இடத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து. கிடார் மேற்கத்திய சுவரக்கோவையில் போகும். குரல் அதன்மேல் கர்நாடக கமகத்தோடு வழுக்கும். இரண்டும் ஒட்டாதது போலிருக்கும், பின்னால் தாளக்காரர்கள் இரண்டையும் சேர்த்துத் தைப்பார்கள். பாடகர் இரண்டாவது சரணத்தை மறந்தார். யாரோ சிரித்தார்கள். கிடார்க்காரர் அந்த இடத்தை நிரப்பிக் காப்பாற்றினார். அன்று எனக்குப் பிடித்தது அந்த ‘அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’தான்.

2014இல் ‘வாயை மூடி பேசவும்’, ‘முண்டாசுப்பட்டி’ என்று அடுத்தடுத்துப் படங்கள் வந்தன. கார்டில் ‘இசை: ஷான் ரோல்டன்’. அண்ட் ஃப்ரெண்ட்ஸ் விழுந்துவிட்டது. அவர்களில் சிலர் அந்தப் பாட்டுகளில் வாசித்திருக்கலாம், சம்பளமும் வாங்கியிருக்கலாம். ஆனால் குழுவின் உறுப்பினர் என்பது வேறு, அமர்த்தப்பட்ட வாத்தியக்காரர் என்பது வேறு. முதலாமவர், “இந்த இடம் நல்லால்ல, மாத்து” என்று சொல்லலாம். இரண்டாமவர் எழுதிக்கொடுத்ததை வாசித்துவிட்டு வவுச்சரில் கையெழுத்துப் போடுவார்.

ஷான் ரோல்டனின் படங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2016இன் ‘ஜோக்கர்’ படத்தில் சுந்தரய்யர் என்ற கிராமியப் பாடகரைப் பாடவைத்தார். அதற்குத் தேசிய விருது கிடைத்தது. மெருகேற்றப்படாத ஒரு குரலை அப்படியே விட்டுவிடும் காது, மேடையில் பழகிய காது. ‘ஜெய் பீம்’, ‘குட் நைட்’ வரை அவர் பாட்டுகளில் வாத்தியங்களுக்கு மூச்சுவிட இடமிருக்கிறது. அது அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி நாட்களின் மிச்சம். ஆனால் ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். படப் பாட்டுகளில் எல்லாம் சரியான இடத்தில் இருக்கின்றன. யாரும் யாரையும் காப்பாற்ற வேண்டியதில்லை. குழுவில் கேட்ட அந்தச் சின்ன ஆபத்து, பாட்டு எங்கேயாவது கவிழ்ந்துவிடுமோ என்ற பதற்றம், நான்கு நிமிஷக் காட்சிக்குள் அடங்காது. ஆபத்து போனது நஷ்டம்தான் என்பது என் கட்சி.

பெயர் பற்றிய நம் பசிக்கு இன்னொரு சாட்சி. 2017 தொடக்கத்தில் ‘எனை நோக்கி பாயும் தோட்டா’ படத்தின் ‘மறுவார்த்தை’ பாட்டை, இசையமைப்பாளர் பெயரை மறைத்து, ‘மிஸ்டர் எக்ஸ்’ என்று போட்டு வெளியிட்டார்கள். ஊரே துப்பறிந்தது. டீக்கடை முதல் இசை விமர்சகர் வரை எல்லாரும் யார், யார் என்றார்கள். பல மாதம் கழித்து அது தர்புகா சிவா என்று சொன்னார்கள். அந்த மாதங்களில் நானும் என் ஊகத்தை எழுதினேன், தப்பாக. இன்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. அந்த மனிதர் அதற்கு முன் வருஷக்கணக்கில் லா பொங்கல் மேடைகளில் முகம் தெரிய, பெயர் தெரிய நின்றுகொண்டிருந்தார். அப்போது நான் ஒரு வரி எழுதவில்லை. பெயரை ஒளித்துவைத்த பிறகுதான் தேடினேன்.

*

“குழுன்னா சண்டை வரும், உடையும். உலகம் பூரா அப்படித்தானே? பீட்டில்ஸே உடைஞ்சுதே!” என்று ஒரு வாசகர் கேட்கலாம். உடையட்டும். உடைவது வேறு, கணக்கில் வராமலே போவது வேறு. பீட்டில்ஸ் உடைந்தபோது நான்கு பெயர்களாக உடைந்தது.

பெயர் போராட்டம் பெரிய மேடையிலும் உண்டு. மேண்டலின், கஞ்சிரா, கடம் என்று சென்னைக்காரர்கள் இடம்பெற்ற சக்தி குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜான் மெக்லாஃப்லின், எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம். 1975இல் மேடையில் பதிவாகி அடுத்த வருஷம் வந்த முதல் ஆல்பத்தின் அட்டையில் ‘சக்தி வித் ஜான் மெக்லாஃப்லின்’ என்றுதான் இருந்தது. விற்க வேண்டுமே! ஆனால் அந்தக் குழு ஊர் ஊராகச் சுற்றியது. சுற்றியதால் கடம் வாசிப்பவரையும் உலகம் பெயர் சொல்லி அழைத்தது. 2024 பிப்ரவரியில் ‘திஸ் மொமன்ட்’ கிராமி வாங்கியபோது விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு அதில் இருந்தார். அட்டையில் ‘சக்தி’ மட்டும். ஐம்பது வருஷப் பயணம் அட்டையிலிருந்த ஒற்றைப் பெயரைக் குழுவுக்குள் இழுத்துக்கொண்டுவிட்டது.

பக்கத்து மாநிலத்திலும் ஓர் உதாரணம் உண்டு. தாய்க்குடம் ப்ரிட்ஜ் குழுவின் கோவிந்த் வசந்தா 2018இல் ‘96’ படத்துக்கு இசையமைத்து நம் வீடுகளுக்குள் வந்துவிட்டார். குழுவும் மேடையில் இருக்கிறது. இரண்டும் முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் குழுவுக்கு முதலில் சொந்தமாக ஒரு கூட்டம் இருக்க வேண்டும்.

சென்னையில் இந்தப் பெயர்ப் பிரச்சினையைப் புரிந்துகொண்டு தொடங்கிய குழு ஒன்று உண்டு. 2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி மைதானம். பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. மேடையில் 19 பேர். கானா பாடகர்களும் கிடாரும் பறையும் சட்டியும் டிரம்ஸும். பெயரிலேயே ஆள் இல்லை. அயோத்திதாசப் பண்டிதர் வழியாக வந்த ‘சாதியற்ற தமிழர்’ என்ற சிந்தனை இருந்தது. சபாவின் மத்தியானம் யாருக்குக் கிடைக்கவில்லையோ அவர்கள் தங்கள் சாயங்காலத்தைத் தாங்களே அமைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு அந்த மைதானத்தில் யாரும் “அது எந்தப் படம் தம்பி?” என்று கேட்கவில்லை. பின்னால் திரைப்பட இயக்குநர் ஒருவர் நின்றார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. சினிமாவின் பலத்தைக் குழுவுக்காகச் செலவிட்ட அபூர்வமான சந்தர்ப்பம் அது.

அங்கிருந்தும் ஆட்கள் தனித்தனியே வெளியே வந்தார்கள். டென்மா திரையிசைக்கும் வந்தார். இசைவாணி 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அறிவு, தீ, சந்தோஷ் நாராயணன் சேர்ந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ 2021இல் உலகெங்கும் ஓடியது. அதன்பின் ஒரு பத்திரிகை அட்டையில் யார் முகம், ஒரு மேடையில் யார் இல்லை என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. மூன்று தரப்பும் தங்கள் நியாயத்தைச் சொன்னார்கள். தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்தச் சண்டை எதைப் பற்றியது என்று கவனிக்க வேண்டும். சேர்ந்து செய்த பாட்டுக்கு யார் பெயர் என்பதைப் பற்றியது. அதற்குப் பதில் சொல்லும் மரபை நாம் வளர்த்திருந்தால், ஆளுக்கு ஆள் அறிக்கை எழுத வேண்டிய நிலை வந்திருக்காது. பெயர் விடுபடும்போது அது எந்தப் பக்கத்து ஆளின் பெயராக இருக்கிறது என்பதும் தற்செயல் அல்ல.

இதில் விமர்சகன் செய்யக்கூடியது சின்ன வேலைதான். கலால் விதியை என்னால் மாற்ற முடியாது. கச்சேரிக்குப் போகலாம். யார் என்ன வாசித்தார்கள் என்று எழுதலாம். ஒரே குழுவை இரண்டாம் முறை கேட்டு, என்ன மாறியது என்று எழுதலாம். குழுவை, பின்னால் வரப்போகும் இசையமைப்பாளரின் முன்கதையாக எழுதாமல், அதுவே கதை என்று எழுதலாம். இருபது வருஷமாக நான் இதைச் செய்யவில்லை.

*

சரி, இப்போதாவது ஆரம்பிப்போம் என்று அன்று மந்தைவெளியில் பையிலிருந்து நோட்டை எடுத்தேன். “பேர் போட வேணாம்ன, ஓகே. எனக்காகச் சொல்லு. யார் யாரு?”

பாடியவன், இரண்டு கிடார், டிரம்ஸ், இவன். வரிசையாகச் சொன்னான். இப்போது யார் எந்த ஊரில், என்ன வேலை, எத்தனை குழந்தைகள் என்பதுவரை. எழுதிக்கொண்டே வந்தவன் நிறுத்தினேன்.

“அந்த வேலூர்ல, கரண்ட் போனப்ப. நிறுத்தாம அடிச்சது இவன்தானா?”

“இல்லடா. அப்ப இவனுக்கு மஞ்சக்காமாலை. வேற ஒரு பையன் வந்து ரெண்டு மாசம் வாசிச்சான். சைதாப்பேட்டை பையன். ஒல்லியா இருப்பான். அவன் அன்னிக்கு நிறுத்தியிருந்தா அந்த எடமே வந்திருக்காது...”

“அவன் பேரு?”

நண்பன் பேஸை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தான். துருப்பிடித்த தந்தியை விரல் தானாகத் தட்டிக்கொண்டிருந்தது.

“நாக்குலயே இருக்குடா. ரெண்டு மாசம்... ஒரே தட்டுல சாப்ட்டிருக்கோம். பேரு வரலியே.”

போனை எடுத்துப் பாடகனைக் கூப்பிட்டான். அவனுக்கும் தெரியவில்லை. அவன் இன்னொருவனைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னான். நான் கிளம்பும்போது ராத்திரி ஒன்பது மணி. நண்பன் கனடாவில் இருக்கும் கிடார்க்காரனுக்கு நேரக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். நோட்டில் ஆறாவது வரியை விட்டு வைத்திருக்கிறேன்.